அண்ணி தலையில் செம்பட்டை

சலூனில் அவளுக்குக் கலர்க்காரி என்றுதான் பெயர். முடி வெட்ட ஒருத்தி, நகத்துக்கு ஒருத்தி என்று ஆள் இருந்தாலும், நிறம் என்று வந்துவிட்டால் எல்லாரும் கையைக் காட்டுவது ஜன்னலோர நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் இவளைத்தான். பேருந்தில் முன்னால் உட்கார்ந்திருப்பவளின் பின்னந்தலையைப் பார்த்தே, கலர் வெளிறிச் செம்பட்டை எட்டிப் பார்ப்பதைக் கண்டுபிடித்துவிடுவாள். அது வெயிலில் வந்ததா, துருத் தண்ணீரில் வந்ததா, யாரோ அவசரப்பட்டதில் வந்ததா என்பதுவரை சொல்வாள். அப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டுதான் தன் சொந்த அண்ணியை அப்படி அனுப்பிவைத்தாள்.

அண்ணிக்கு ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேசை வேலை கிடைத்திருந்தது. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வெளியே போகிற வேலை. சனிக்கிழமை காலை துள்ளிக்கொண்டு சலூனுக்கு வந்தாள்.

"நாத்தனாரே, என் தலைய உங்கிட்ட ஒப்படைச்சிட்டேன். அந்தச் சாம்பல் கலந்த பழுப்பு இருக்கே, அதைப் போட்டு விடு. திங்கக்கிழமை டாக்டரே எழுந்து நின்னு வணக்கம் சொல்லணும்."

"இத்தனை நாளா என்ன போட்டீங்க அண்ணி?"

"கடைல விக்கிற கறுப்பு பாக்கெட்தான். வேறென்ன?"

அதைக் கேட்டதுமே கலர்க்காரி நிறுத்தியிருக்க வேண்டும். பாக்கெட் கறுப்பு வருஷக்கணக்கில் ஏறிய முடி ப்ளீச்சுக்கு எப்படி மசியும் என்று யாராலும் சொல்ல முடியாது. கறுப்பு விலக விலக உள்ளே ஒளிந்திருக்கும் சிவப்பு வெளியே வரும், பிறகு ஆரஞ்சு, அதற்கும் பிறகுதான் மஞ்சள். அதனால் காதுக்குப் பின்னால் ஒரு சிறு கற்றையை எடுத்துப் போட்டுப் பார்க்காமல் எந்த வாடிக்கையாளரின் தலையிலும் அவள் கை வைத்ததில்லை. ஆனால் மதியத்துக்கு ஒரு அம்மாள் நேரம் குறித்திருந்தாள், சின்னக் குறை என்றாலும் முதலாளியம்மாவிடம் நேரே போய் முறையிடுகிற ரகம். அண்ணி நம்ம வீட்டு ஆள்தானே என்று கலர்க்காரி பிரஷ்ஷைக் கையில் எடுத்தாள்.

தலையை அலசியபோதே தெரிந்துவிட்டது. வேர்ப்பக்கம் ஆரஞ்சு, நுனியில் திட்டுத் திட்டாகச் செங்கல் நிறம். இன்னும் நிதானமாக வேலை செய்ய நேரமில்லை. மஞ்சளை அடக்க ஊதா டோனர் பூச்சு, ஆரஞ்சை அடக்க நீலம் என்பது அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அலமாரியைத் திறந்தாள். நீல டியூப் பிதுக்கிப் பிதுக்கித் தட்டையாகக் கிடந்தது. பொருள் விற்கிற கடை அடுத்த தெருவிலேயே இருந்தது. போய் வாங்கி வந்திருக்கலாம். வாசலில் மதியத்து அம்மாள் குடையை மடக்கிக்கொண்டிருந்தாள்.

ஊதாவையே கலக்கிப் பூசினாள்.

காயவைக்கும்போது அண்ணியை ஜன்னலோரத்தில் உட்கார வைக்கவில்லை. உள்ளே மஞ்சள் விளக்குகளுக்குக் கீழே இருந்த நாற்காலிக்கு அழைத்துப் போனாள். அந்த வெளிச்சத்தில் எந்தத் தலையும் பழுப்பாகத்தான் தெரியும். அண்ணி கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துவிட்டுக் கலர்க்காரியைக் கட்டிக்கொண்டாள்.

"அடிப்பாவி, பத்து வயசைக் குறைச்சுட்டியே!"

"கொஞ்சம் கவனமா பாத்துக்கணும் அண்ணி," என்றாள் கலர்க்காரி. வார்த்தை அவளைக் கேட்காமலே வந்துகொண்டிருந்தது. "சுடுதண்ணி ஊத்தக் கூடாது. குழாய்த் தண்ணில துரு இருந்தா செம்பட்டை ஏறிடும். வெயில் படக் கூடாது. நீல ஷாம்புன்னு ஒண்ணு இருக்கு, வாரம் ஒரு தடவை அதைப் போடுங்க. இதெல்லாம் விட்டீங்கன்னா ஆரஞ்சு அடிக்கும், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. எல்லாருக்கும் சொல்வதுதான். ஆனால் மற்றவர்களுக்கு அவர்கள் முடிக்காகச் சொன்னாள். இன்று தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னாள். அண்ணி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கியதும் வெயில் அந்தத் தலையில் விழுந்தது. விளக்கித் துடைத்த செப்புப் பாத்திரம் போலப் பளபளத்தது. கலர்க்காரி சட்டென்று திரும்பி, மதியத்து அம்மாளுக்குத் துண்டு போர்த்தினாள். அவளுக்கு மட்டும் மறக்காமல் காதுக்குப் பின்னால் கற்றை எடுத்துப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் சாப்பாடு. போகாமலிருக்க ஒரு சாக்கு யோசித்துப் பார்த்தாள், ஒன்றும் கிடைக்கவில்லை. கதவைத் திறந்த அண்ணன், "வாம்மா, வந்து நியாயம் சொல்லு," என்று பிடித்துக்கொண்டான். "உங்க அண்ணி குழாய் வாய்ல துணி கட்டி வச்சிருக்கா. தலைக்கு ஊத்த கேன் தண்ணி. நான் குடிக்கக் கேட்டா முறைக்கிறா. இந்த வீட்ல என்னைவிட அந்த முடிக்குத்தான் மரியாதை."

அண்ணி குளியலறையிலிருந்து வந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. மார்கழிக் குளிரில் பச்சைத் தண்ணீரைத் தலைக்கு ஊற்றியிருக்கிறாள். துண்டை அவிழ்த்ததும் சமையலறைக் குழல்விளக்கில் ஆரஞ்சு அப்பட்டமாகத் தெரிந்தது.

"கோவிச்சுக்காதே," என்றாள் அண்ணி, குரலைத் தாழ்த்தி. "நீ அவ்வளவு அழகா போட்டு விட்டே. நான்தான் கெடுத்துட்டேன். முதல் நாளே பஸ் ஸ்டாப்ல வெயில்ல நின்னுட்டேன், அதுவா இருக்கும். கிளினிக்ல ஒரே வெள்ளை லைட்டு. நர்ஸ் பொண்ணு, 'என்ன அக்கா, தலைல துரு பிடிச்சிருக்கு'ன்னு சிரிக்குது. இப்போ ஸ்கார்ஃப் கட்டிட்டுத்தான் போறேன். உன் பேரைச் சொல்லல. உன் வேலைக்குக் கெட்ட பேரு வந்துடும்ல? மன்னிச்சுக்கோம்மா."

இப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அண்ணன் தட்டு எடுத்துக்கொண்டு வந்தான். கலர்க்காரி தட்டை வாங்கிக்கொண்டாள். மன்னித்துவிட்டவளைப் போலத் தலையை ஆட்டி, "விடுங்க அண்ணி, பரவாயில்ல," என்றாள்.

சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அண்ணி உடம்புக்கு என்னவோ என்று பதறி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அந்தக் கை ஐஸாகச் சில்லிட்டிருந்தது.

அதற்குப் பிறகு சலூனில் அவளுக்கு வேலை ஓடவில்லை. யார் தலையை அலசினாலும் அண்ணி தலையாகவே தெரிந்தது. ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு நீல டோனர் கலக்கும்போது கிண்ணத்தையே வெறித்துக்கொண்டு நின்றாள். "மையைக் குடிக்கப் போறியா?" என்று முதலாளியம்மா கேட்ட பிறகுதான் பிரஷ் அசைந்தது.

அப்போதுதான் அண்ணியின் போன் வந்தது. மூக்கடைத்த குரல், நடுநடுவே தும்மல்.

"ஒரு சந்தேகம். ராத்திரியிலிருந்து லேசா காய்ச்சல். இன்னிக்கு மட்டும் கொஞ்சம் வெதுவெதுன்னு ஊத்திக்கட்டுமா? கலர் இன்னும் போயிடுமோன்னு பயமா இருக்கு."

கலர்க்காரி பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். "நல்லா சூடா ஊத்துங்க அண்ணி," என்றாள். "ஊத்திட்டுப் படுங்க. வேலைக்குப் போகாதீங்க."

"ஐயோ, சேந்த உடனே லீவா? குளிச்சிட்டுக் கிளம்பணும். அப்புறம் பேசறேன்."

சாப்பாட்டு நேரத்தில் கலர்க்காரி கிளினிக்குக்குப் போனாள். காத்திருக்கும் நாற்காலிகள் காலியாக இருந்தன. உள்ளே பல்லைக் குடையும் சத்தம். வெள்ளை வெளிச்சத்துக்குக் கீழே, காதுவரை இழுத்துக் கட்டிய ஸ்கார்ஃபோடு அண்ணி உட்கார்ந்திருந்தாள். மூக்கு நுனி சிவந்திருந்தது. இவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"பல் வலியா?"

"இல்ல அண்ணி. உங்க தலை வெயில்ல கெடல. தண்ணிலயும் கெடல. நான்தான் கெடுத்தேன்."

அண்ணி சிரிக்கத் தொடங்கி, இவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். கலர்க்காரி நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். கற்றை எடுத்துப் பார்க்காதது, நீலம் தீர்ந்துபோனது, தெரிந்தே ஊதா பூசியது, மஞ்சள் விளக்குக்குக் கீழே உட்கார வைத்தது. நடுவில் தொலைபேசி அடித்தது. அண்ணி எடுத்து, தேன் சொட்டும் குரலில் யாருக்கோ நேரம் குறித்துக் கொடுத்துவிட்டு வைத்தாள். திரும்பியபோது அந்தத் தேன் இல்லை.

"அப்போ, நான் வாசல்ல இறங்கும்போதே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அவசரத்துல தப்பாப் போச்சு, சரி. யாருக்கும் வரும். முடிதானே, வளரும்." அண்ணி தும்மினாள். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு மேசையைப் பார்த்துப் பேசினாள். "ஞாயித்துக்கிழமை நான் உங்கிட்ட மன்னிப்பு கேட்டேனே. நீ தலைய ஆட்டினே. எப்படி ஆட்டினே நீ?"

கலர்க்காரி மேசையில் கிடந்த பேனாவை நேராக்கி வைத்தாள். ஏதாவது சொல்லியிருந்தாலும் அது இன்னொரு சாக்காகத்தான் இருந்திருக்கும்.

"கிளம்பு," என்றாள் அண்ணி. "ஆளுங்க வர்ற நேரம்."

அன்று மாலையே அவள் அண்ணனிடமும் சொன்னாள். அவன் தங்கையின் பக்கம் பேசுவான் என்று மனசின் ஒரு மூலை எதிர்பார்த்தது. அவன் கேட்டுவிட்டு, "அவ காய்ச்சலோட கிடக்கா," என்று மட்டும் சொல்லி போனை வைத்தான்.

அண்ணி வெகுநாள் போன் செய்யவில்லை, இவளும் செய்யத் துணியவில்லை. மருந்துக் கடையில் நல்ல நீல ஷாம்பு ஒன்றைப் பார்த்துக் கையில் எடுத்தாள். அனுப்பினால் லஞ்சம் போலிருக்கும் என்று தோன்றியது. வைத்துவிட்டு வந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடை திறந்த சூட்டோடு அண்ணி வந்து நின்றாள். காய்ச்சல் விட்டிருந்தது, கொஞ்சம் மெலிந்திருந்தாள். கேட்காமலே ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து ஸ்கார்ஃபை அவிழ்த்தாள்.

"வேற கடைக்குப் போனேன். அங்கே ஒரு பொண்ணு எதையுமே பாக்காம ப்ளீச்சை எடுத்தா. எழுந்து வந்துட்டேன்," என்றாள். "நீ என்ன செய்வே, சொல்லிட்டுச் செய்."

கலர்க்காரி காதுக்குப் பின்னால் ஒரு கற்றையை எடுத்தாள். மறுபடி ப்ளீச் போட்டால் முடி அறுந்துபோகும் என்றாள். நீலம் கலந்த அடர்ந்த பழுப்பைப் பூசி ஆரஞ்சை அடக்கலாம், ஆனால் கேட்ட சாம்பல் நிறம் இப்போதைக்கு வராது என்றாள். அதை அந்தக் கற்றையில் மட்டும் பூசினாள். நிறம் பிடிக்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள். தெருவில் ஒரு லாரி பின்னோக்கி வந்து, பாதி வழியில் மனம் மாறியதுபோல் நின்றது. கற்றையை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். அண்ணி அதைப் பிடித்து, கண்ணருகே இழுத்துத் தானே பார்த்தாள். பிறகு தலையைச் சாய்த்துக் கொடுத்தாள்.

எல்லாம் முடிந்து காய்ந்தபோது நிறம் நிதானமாக, ஒரே சீராக இருந்தது. நுனியில் மட்டும் இடதுபக்கம் ஒரு விரல் அகலத்துக்குச் செம்பட்டை மிச்சம்.

"இங்கே இன்னும் கொஞ்சம் தெரியுது அண்ணி," என்றாள் கலர்க்காரி. "இன்னிக்கு இதுக்கு மேல போகாது. அடுத்த மாசம் இதை மட்டும் வெட்டிடலாம்."

"பாத்தேன்," என்றாள் அண்ணி.

பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். கட்டிக்கொள்ளவில்லை. கதவருகே போய் நின்று, "அடுத்த மாசம் காலைலயே வரேன், வேற யாருக்கும் நேரம் குடுத்துடாதே," என்று சொல்லிவிட்டுப் போனாள். கலர்க்காரி அவள் தெருமுனை திரும்பும்வரை வெயிலில் அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.