பின்பக்கம் வரும் காற்று

வெண்மதி பெங்களூரிலிருந்து அனுப்பிய பெட்டி ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. ராஜாங்கம் அன்று காலை ஏ ஷிஃப்ட் முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஈரக் கையோடு எழுந்துபோய்க் கூரியர்காரரிடம் கையெழுத்துப் போட்டுப் பெட்டியை உள்ளே கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்தால் கறுப்பாக, வட்டமாக, இட்லிப் பானை மூடியைவிடச் சற்றுப் பெரிதாக ஒன்று இருந்தது. தானாகவே வீட்டைச் சுற்றிவந்து தூசியை உறிஞ்சும் மிஷின் என்று மகள் போனில் சொல்லியிருந்தாள்.

எல்லாம் மனைவி மாணிக்கம்மாளின் நெஞ்சுக்காகத்தான். கல்யாணத்துக்கு முன்னால் காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை வறுக்கும் கொட்டகையில் ஏழெட்டு வருஷம் புகையில் நின்றவள் அவள். ஐம்பது வயதைத் தாண்டியதும் அந்தப் புகை எங்கேயோ உள்ளே தங்கியிருந்ததுபோல மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அந்தச் சித்திரையில் மட்டும் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. தூசியே ஆகாது, துடைப்பத்தைக் கையால் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லி அனுப்பினார். பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து நாகம்மாள் என்றொரு பெண் காலையில் வந்து பெருக்கிவிட்டுப் போனாள். மருமகளுக்குப் பிரசவம் என்று அவளும் இரண்டே மாதத்தில் நின்றுவிட்டாள்.

தானே பெருக்கலாம் என்று ராஜாங்கத்துக்குத் தோன்றவில்லை. பொல்லாத மனிதரில்லை அவர். குடி கிடையாது, மனைவியை ஒரு வார்த்தை கடிந்து பேசியது கிடையாது. முப்பத்தொரு வருஷமாக நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் மெயின்டனன்ஸ். மூன்று ஷிஃப்டும் மாறி மாறிப் போய் வந்தவருக்கு வீட்டுக்குள் துடைப்பம் எந்த மூலையில் சாத்தியிருக்கும் என்பதே தெரியாது.

மிஷினை முதல் நாள் ஓடவிட்டபோது இரண்டு பேரும் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார்கள். அது ஹாலில் நேராகப் போய்ச் சுவரில் முட்டியது, திரும்பியது, சைக்கிள் பம்ப்பில் முட்டியது, பீரோவுக்கு அடியில் நுழைந்தது. அங்கேயே நின்றுகொண்டு ஒரு பெண் குரலில் இங்கிலீஷில் ஏதோ சொன்னது.

"என்னா சொல்லுது?" என்றாள் மாணிக்கம்மாள்.

"மாட்டிக்கினேன், தூக்கி வேற எடத்துல வையின்னுது."

"அப்ப நாமதான் அதுக்கு வேலை செய்யணும்போல."

அவர் சிரித்துக்கொண்டே தரையில் படுத்துக் கையை விட்டு அதை இழுத்தார். சட்டையெல்லாம் தூசி.

அந்த வாரம் முழுக்க அதோடு ஓயாத பாடாக இருந்தது. பழைய குவார்ட்டர்ஸ் என்பதால் ஒவ்வொரு அறைக்கும் இரண்டு விரல் உயரத்துக்கு நிலைப்படி. மிஷினால் அதை ஏற முடியவில்லை. ஹாலின் ஓரத்தில் கறுப்பு டைல்ஸ் ஒரு வரிசை பதித்திருந்தது, அதைப் பள்ளம் என்று நினைத்துப் பின்வாங்கியது. மாணிக்கம்மாளின் முடி பிரஷ்ஷில் சுற்றிக்கொண்டது. கொடியிலிருந்து நழுவிய புடவை முந்தானையை ஒருநாள் பாதி விழுங்கிவிட்டு நின்றது. குப்பை சேரும் டப்பா பத்து நிமிஷத்தில் நிறைந்தது. அதைக் கொட்டும்போது பறக்கிற தூசிக்கு மாணிக்கம்மாள் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவாள்.

வேறு யாராவது என்றால் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றியிருப்பார்கள். ராஜாங்கத்துக்கு ரிப்பேர் என்றால் விட மனசு வராது. ஷிஃப்ட் லாக்புக் எழுதுகிற மாதிரி ஒரு நோட்டுப் போட்டு, தேதி, கோளாறு, காரணம், செய்த வேலை என்று எழுத ஆரம்பித்தார். தச்சரிடம் பலகைத் துண்டு வாங்கிவந்து சீவி நிலைப்படிக்கு இரண்டு பக்கமும் சரிவு வைத்தார். கறுப்பு டைல்ஸ் மேல் வெள்ளை ஸ்டிக்கர் பேப்பர் ஒட்டினார். பெல்ட்டில் ஒட்டும் மண்ணை வழிக்க ஸ்கிரேப்பர் வைப்பதுபோல, பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் பழைய சீப்பின் பல்லை அறுத்து ஒட்டினார். அதற்கப்புறம் முடி சுற்றுவது பாதியாகக் குறைந்தது.

இத்தனையையும் வெண்மதியிடம் போனில் சொல்லி, "இதெல்லாம் கம்பெனிக்கு எழுதிப் போடும்மா, அடுத்தது செய்யும்போதே சரியா செய்யட்டும்" என்றார். அவளும் இங்கிலீஷில் எழுதி அனுப்பினாள். உங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புமிக்கது என்று பதில் வந்தது. அதை அவர் போனில் வைத்துக்கொண்டு கேன்டீனில் சிங்காரவேலுவிடம் காட்டினார். சிங்காரவேலு அவரோடு ஒரே செக்‌ஷனில் இருபது வருஷமாக இருப்பவர்.

"வித்தவன் பண்ண வேண்டிய வேலையை நீ பண்ணிக்கினு இருக்க," என்றார் சிங்காரவேலு. "அந்த நேரத்துக்கு நீயே நாலு தடவை பெருக்கியிருக்கலாம்."

ராஜாங்கம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரே ஒரு கோளாறு மட்டும் பிடிபடாமல் இருந்தது. உறிஞ்சும் வேகம் இரண்டு நாளுக்கொரு தரம் செத்துப்போனது. திறந்து பார்த்தால் மடிப்பு மடிப்பாக இருக்கும் ஃபில்டர் மைதா மாதிரி சன்னமான கறுப்புத் தூளில் அடைத்துக் கிடக்கும். தட்டினால் போவதில்லை, கழுவக்கூடாது என்று எழுதியிருந்தது. மாற்று ஃபில்டர் வர மூன்று வாரம் ஆகும் என்றாள் மகள். ராஜாங்கம் யோசித்தார். மடிப்பு ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, அதே அளவுக்கு ஒரு சட்டம் செய்து, பால் வடிகட்டுகிற நைலான் துணியை இழுத்துக் கட்டிப் பொருத்தினார்.

மிஷின் புதுசாக வந்ததைவிட வேகமாக இழுத்தது. நான்கு அறையையும் ஒரே மூச்சில் முடித்தது. துணியும் அடைக்கவில்லை. மாற்று ஃபில்டர் இனி வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிட்டார்.

"பாத்தியா மாணிக்கம்," என்றார். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "காத்து போறதுக்கு வழி வுட்டேன், அவ்ளோதான்."

"நல்லா இழுக்குதுங்க," என்றாள் அவள்.

புரட்டாசி முழுக்க அது தினமும் ஓடியது. புரட்டாசி முழுக்க மாணிக்கம்மாள் இருமினாள். பகலில் இரண்டு தடவை எடுத்துக்கொண்டிருந்த இன்ஹேலரை நான்கு தடவை எடுத்தாள். உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டாள். மழை வருகிற காலம், எல்லோருக்கும்தான் சளி என்றாள். ராஜாங்கமும் அப்படித்தான் நினைத்தார். மாத்திரை வாங்கிவந்து கொடுத்தார், வெந்நீர் வைத்துக் கொடுத்தார். அப்புறம் மிஷினின் சக்கரத்தில் நூல் சிக்கியிருக்கிறதா என்று பார்க்கப் போனார்.

ஐப்பசியில் ஒருநாள், நாலு மணி இருக்கும். காலையில் மழை பெய்து ஓய்ந்து, மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக ஹாலுக்குள் விழுந்திருந்தது. ராஜாங்கம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நோட்டு எழுதிக்கொண்டிருந்தார். மிஷின் நிழலிலிருந்து வெயிலுக்குள் வந்தது. அவர் தற்செயலாக நிமிர்ந்து அதன் பின்பக்கத்தைப் பார்த்தார்.

இத்தனை நாளும் அது எதை இழுக்கிறது என்றுதான் பார்த்திருந்தார், முன்பக்கத்தை மட்டும். இப்போது பின்பக்கம் காற்று வெளியேறும் ஓட்டையிலிருந்து ஊதுபத்திப் புகைபோல ஒன்று எழும்பி, வெயிலில் மினுங்கி, மெதுவாகச் சுழன்று, இடுப்பு உயரம், தோள் உயரம் என்று ஏறிக்கொண்டிருந்தது. மிஷின் போன வழியெல்லாம் அது நின்றது. கீழே இறங்கவே இல்லை.

அது என்ன என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பெல்ட்டிலிருந்து இன்னொரு பெல்ட்டுக்குக் கரி விழுகிற இடத்தில் எழும்புகிற தூள் அதேதான். பெருசு விழுந்துவிடும், கண்ணுக்குத் தெரியாததுதான் நெஞ்சுக்குள் போகும். அங்கே தண்ணீர் தெளிப்பது கொஞ்சம் நின்றாலும் முதலில் சத்தம் போடுகிறவர் அவர்தான்.

எழுந்துபோய் மிஷினைக் கவிழ்த்து நிறுத்தினார். அறைக்குள் மாணிக்கம்மாள் சுவரில் சாய்ந்து, தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தினமும் அந்த நேரத்தில் அவள் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"மாணிக்கம், இது ஓடும்போதுதான் உனக்கு அதிகமாவுதா?"

அவள் தலைப்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"எத்தினி நாளா?"

"நீங்க அந்தத் துணி கட்னதுலேர்ந்து." ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். "வாய்க்குள்ள கரி மாதிரி இருக்கும்."

"ஏன் சொல்லல?"

அவள் தலைப்பை இறக்கி அவரைப் பார்த்தாள். கோபம் எதுவும் இல்லை அந்த முகத்தில். "எனக்காவ நீங்க குனிஞ்சு ஒரு வேலை செஞ்சது இதுதாங்க. முப்பது வருஷத்துல. அத எப்டி வேணாங்கறது."

ராஜாங்கம் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். பிறகு பின்கட்டுக்குப் போய், வாளியில் தண்ணீர் பிடித்து, பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து நனைத்துக்கொண்டு வந்தார். ஹாலின் ஒரு மூலையில் ஆரம்பித்து முட்டி போட்டுத் துடைத்தார். துணி ஒரு இழுப்பில் கறுத்துப்போனது. அலசி அலசி ஆறு வாளித் தண்ணீர் மாற்றினார். வழக்கமில்லாத வேலை, முட்டி தோல் உரிந்தது. சுவரிலும், ஜன்னல் கம்பியிலும், காலண்டர் மேலும்கூட அது படிந்திருந்தது. இருட்டும்போது நான்கு அறையும் ஈரமாக மின்னின. அவர் முடித்துவிட்டு வந்து பார்த்தபோது மாணிக்கம்மாளின் உதடு நீலம் பாரித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தாள். மூக்கையும் வாயையும் மூடி ஆக்ஸிஜன் மாஸ்க் வைத்திருந்ததால் பேச முடியவில்லை. ராஜாங்கம் லீவு போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார். தூசி எதிலிருந்து வந்தது என்று டாக்டர் கேட்டபோது, மறைக்காமல் துணி கட்டியதைச் சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டே, "அந்த ஃபில்டர் எதுக்கு இருக்குன்னு நினைச்சீங்க?" என்றார். அந்தக் கேள்வியை அதற்கு முன்னாலேயே ராஜாங்கம் தன்னிடம் பலமுறை கேட்டுவிட்டிருந்தார்.

வெண்மதி வந்தாள். அப்பாவை ஒன்றும் சொல்லவில்லை. நான் அனுப்பியிருக்கவே கூடாது என்று வராந்தாவில் நின்று அழுதாள். டிஸ்சார்ஜ் ஆன அன்றைக்கே கார் வைத்து அம்மாவைப் பெங்களூருக்குக் கூட்டிப்போவதாக முடிவு செய்திருந்தாள். ராஜாங்கத்துக்கு ரிடையர்மென்ட்டுக்கு இன்னும் இருபது மாதம் இருந்தது.

காரில் ஏறுவதற்கு முன்னால் மாணிக்கம்மாள் வீட்டு வாசல்வரைகூட வரவில்லை, வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவளுடைய புடவைகளை அவரே மடித்துப் பையில் வைத்து ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். மடிப்பு சரியாக வரவில்லை.

"புளி மேல் தட்டுல இருக்கு," என்றாள் அவள். "ரசப்பொடி இல்ல. கடையில வாங்கிக்கோங்க."

"சரி."

"சாப்புட்டுட்டு ஷிஃப்ட்டுக்குப் போங்க."

கார் ஊருக்கு வெளியே போகும் ஆர்ச் கேட் பக்கம் திரும்பும்வரை நின்றிருந்துவிட்டு வந்தார்.

அதற்கப்புறம் தினமும் ஷிஃப்ட்டுக்குப் போவதற்கு முன்னால் வீடு முழுக்க ஈரத்துணியால் துடைத்தார். அவள் எப்போது திரும்பி வந்தாலும் வீடு தயாராக இருக்க வேண்டும் என்று நினைத்தார். அக்கம்பக்கத்தில் பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டது. அவர் கையால் சுத்தமான வீட்டுக்குத் திரும்பி வர யாரும் இல்லாமல் கார்த்திகை போயிற்று, மார்கழியும் போயிற்று.

பொங்கலுக்கு முந்தின நாள் மாணிக்கம்மாள் போன் செய்தாள். வழக்கமாக வெண்மதிதான் பேசிவிட்டுக் கொடுப்பாள். அன்றைக்கு அவளே பேசினாள். மூன்றாவது மாடி வீடாம், படி ஏறிவிட்டாளாம், நடுவில் ஒருதடவைதான் நின்றாளாம். அவள் ஒரே மூச்சில் அத்தனையும் சொல்லி முடித்தபோதுதான், முழு வாக்கியமாக அவள் பேசிக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று ராஜாங்கத்துக்குப் பட்டது.

"இங்க மூச்சு நல்லா வருதுங்க," என்றாள். தப்பு செய்தவள் ஒப்புக்கொள்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"அதுதான் வேணும். அங்கயே இரு," என்றார்.

"நீங்க?"

"எனக்கென்னா. இன்னிக்கி மத்தியானம் பி ஷிஃப்ட்."

போனை வைத்துவிட்டு யூனிஃபார்மை மாட்டிக்கொண்டார். மதியச் சாப்பாடு ஆக்கவில்லை. போகிற வழியில் ஏதாவது பார்த்துக்கொள்ளலாம் என்று கதவைப் பூட்டினார்.