நஸீறா ராத்தாவின் வளவில் ஒரு குதிரை

குதிரையின் வியர்வை நாற்றம் எனக்கு ஒருநாளும் அருவருப்பாக இருந்ததில்லை. முத்தலிப் மச்சான் பூசிக்கொண்டு வந்த அத்தரின் வாசம் வந்தால்தான் இப்போதும் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன்.

அவர் மாமியின் மகன். என் மூத்த சகோதரி நஸீறா ராத்தாவுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை. பெருநாள் கழிந்ததும் நிக்காஹ் என்று வாப்பா சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அதனால் பக்கத்து வளவுக் காணியை ராத்தாவின் பேருக்கு எழுதி, அதில் வீடும் கட்டிக்கொண்டிருந்தார்கள். சுவர் எழும்பிவிட்டது. கூரைக்கு வாங்கிய கமுக மரங்கள் மணலில் கிடந்தன.

மச்சான் இங்கினியாகலையில் அணை கட்ட வந்த ஒரு வெள்ளைக்கார எஞ்சினியரிடம் வேலை செய்தவர். அந்த மனிதர் தன் நாட்டுக்குத் திரும்பும்போது, தான் ஏறித் திரிந்த சிவப்புப் பெட்டைக் குதிரையை இவருக்கே கொடுத்துவிட்டுப் போனார். மட்டக்களப்பில் ஒரு விளையாட்டு விழா வரவிருந்தது. அதில் குதிரையோடு தடை தாண்டிக் காட்ட வேண்டும் என்று மச்சானுக்கு ஆசை. பழகுவதற்கு ராத்தாவின் வளவை எடுத்துக்கொண்டார். யாரிடமும் கேட்கவில்லை. இனி அவருடையதுதானே என்று எங்கள் வீட்டிலும் நினைத்தார்கள்.

நானும் ராத்தாவும் கிடுகு வேலியின் இடுக்கால் பார்ப்போம். முதலில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கமுக மரங்களை இடைவெளி விட்டு நிலத்தில் பரப்பி, அவற்றின் மேலால் குதிரையை நடக்கவிட்டார். பிறகு மெல்ல ஓடவிட்டார். தொடக்கத்தில் ஒவ்வொரு மரத்தையும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் அது காலைத் தூக்கும். சில நாட்களில் குனிவதை விட்டுவிட்டது. அதன் பிறகு இரண்டு செங்கல் அடுக்குகளின் மேல் ஒரு மரம் வைத்தார். குதிரை எழும்பும்போது ஏறியிருப்பவர் முன்னால் சாய்ந்து கடிவாள வாரைத் தளர்த்த வேண்டும். இவர் பயந்து பின்னால் இழுப்பார். குதிரை வாயைப் பிளந்துகொண்டு இறங்கும். சேணத்தில் தொங்கும் அங்கவடியில் கால் வைக்காமல் குதிரையை ஓட்டி ஓட்டிப் பழகியபின் அந்தப் பயமும் போனது, கையும் இளகியது. இரண்டு பேரும் திருந்திக்கொண்டு வந்தார்கள்.

"பொறுமையான ஆள் போலதான் இரிக்கி" என்று ராத்தா என் காதுக்குள் சொன்னாள். அவரைப் பற்றி அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

விழா நெருங்கியதும் மரம் அவருடைய நெஞ்சளவுக்கு ஏறியது. குதிரை தாண்டியது. ஆனால் குளம்பு உரசி மரம் விழுந்துகொண்டே இருந்தது. திரும்பத் தாழ்த்திப் பழக்க அவருக்கு மனமில்லை. மசூரையும் இன்னொரு கூட்டாளியையும் கூட்டிவந்தார். அவர்கள் ஆளுக்கொரு நுனியைப் பிடித்தபடி நின்று, குதிரை மேலெழும்பிய நேரம் பார்த்து மரத்தைத் தூக்கி அதன் காலெலும்பில் அடித்தார்கள். நொந்தால் அடுத்த தடவை காலை உயர்த்துமாம்.

பாரை மீனின் தலையை உடைக்கிற சத்தம் அது. குதிரை இறங்கி நடுங்கியது. திருப்பிக் கொண்டுவந்து மறுபடியும் அடித்தார்கள்.

"ஊட்டுக்காரிக்கும் இதே பாடந்தானா மச்சான்?" என்று மசூர் கேட்டான்.

"ஓம். தடி தூக்க நீங்க ரெண்டு பேரும் வரணும்" என்றார் மச்சான்.

மூன்று பேரும் சிரித்தார்கள். உம்மா கிண்டிக் கொடுத்தனுப்பிய இனிப்புத் தொதலை, சிவப்பு மயிர் ஒட்டிய கையைக் கழுவாமலே பிய்த்துத் தின்றார்கள். ராத்தா வேலியை விட்டு அசையவில்லை.

அவர்கள் கடற்கரைப் பக்கம் போனபின் அவள் வளவுக்குள் போனாள். குதிரை கிணற்றடியில் கட்டப்பட்டிருந்தது. முன்னங்கால்கள் வீங்கி, தோல் உரிந்த இடத்தில் ஈ மொய்த்தது. கமுக மரத்தில் மயிரும் தோலும் அப்பியிருந்தன. அந்த மரம்தான் அடுத்த கிழமை கூரைக்கு ஏறவேண்டியது.

வாப்பா சோறு தின்றுகொண்டிருக்கும்போது அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மசூர் கேட்டதையும் மச்சான் சொன்னதையும் சொன்னாள்.

"குதிரைக்குத்தானே அடிச்சான். பொடியனுகள்ற பகிடி அது" என்றார் வாப்பா.

"வளவு ஆர்ர பேருல வாப்பா?"

"ஒன்ட பேருலதான். அதுக்கென்ன?"

"அப்ப அவரு நாளைக்கு அதுக்குள்ள கால் வைக்கப்படா. மாப்புளையாவும் வரவேணாம். அந்த மரத்துக்குக் கீழ என்னால படுக்க ஏலா."

உம்மா தலையில் அடித்துக்கொண்டு, மாமியின் முகத்தில் எப்படி விழிப்பது என்று அழுதா. வாப்பா பாதிச் சோற்றில் கை கழுவினார். விடிந்ததும் வளவுக்குப் போய் மரத்தைத் தடவிப் பார்த்தார். கையை மணலில் துடைத்தார். அப்போது மச்சான் வந்தார். பெண்பிள்ளையின் கதையைக் கேட்டு ஆடுகிறீர்களா என்று அவர் சிரித்தது வேலிக்கு இப்பாலும் கேட்டது.

"வளவுக்காரி சொல்லிட்டா" என்றார் வாப்பா. "குதிரைய அவிழ்த்திட்டுப் போங்க."

நொண்டிய குதிரையின் மேல் அவர் ஏறித்தான் போனார். இறங்கி நடத்திக்கொண்டு போகக்கூடத் தோன்றவில்லை.

ஒரு மிருகத்துக்காகச் சொந்தத்தை அறுத்தோம் என்று மாமி தெருவெல்லாம் சொன்னா. ராத்தாவுக்கு இன்னும் வேறு மாப்பிள்ளை பேசி யாரும் வரவில்லை. மச்சானுக்கு ஒலுவிலில் பெண் பேசி முடித்துவிட்டார்கள். அந்தப் பிள்ளையின் வளவு எங்களுடையதைவிடப் பெரியதாம்.