மூன்றாவது பட்டை

போர்ட் மோர்ஸ்பி கிளினிக்கில் நோயாளிக்குக் குத்திய ஊசி நர்ஸ் கோனியோவின் விரலிலும் ஏறி மூன்று மாதமாயிற்று. எச்.ஐ.வி. ஒட்டியிருந்தால் இன்று தெரிந்தே தீரும். தன் ரத்தத்தைத் தானே சோதனைப் பட்டையில் சொட்டினாள். இரண்டு கோடு விழுந்தால் உண்டு. ஒன்றுதான் விழுந்தது!

"பட்டை பழசோ?" இன்னொன்றைப் பிரித்தாள். அதிலும் ஒன்றே. மூன்றாவதை எடுத்த கையைப் பிடித்துக்கொண்டாள், எச்.ஐ.வி. மாத்திரை வாங்க வந்திருந்த ஹேபோ. வாயெல்லாம் பாக்குச் சிவப்பு.

"ஏன் சிஸ்டர், எனக்கு ரெண்டு கோடு விழுந்தப்ப, தப்பா இருக்கும், இன்னொரு தடவை பாருங்கன்னு எப்படிக் கெஞ்சினேன்! 'ரெண்டு தரம் பாத்தாச்சு, இது பொய் சொல்லாது'ன்னு அடிச்சுச் சொன்னீங்களே!"

"அது வந்து... உனக்கு."

"ஓகோ! எனக்கு நிஜம் சொன்னது உங்களுக்கு மட்டும் புளுகுமாக்கும்?"

கோனியோவுக்குச் சிரிப்பு பீறிட்டது. பட்டையைப் போட்டுவிட்டு ஹேபோவைக் கட்டிக்கொண்டு கிளினிக் அதிரக் குதித்தாள்.

"குதிச்சது போதும், மாத்திரையைக் குடுங்க" என்றாள் ஹேபோ. "உங்க வார்த்தையை நம்பித்தானே அஞ்சு வருஷமா முழுங்கிட்டிருக்கேன்."