வரப்பு நிழல்

மக்பூலை நான் கூப்பிட்டது மரங்களை விற்பதற்கு. திருவண்ணாமலையில் அவனுக்கு மரவாடி இருக்கிறது. கல்லூரியில் மூன்று வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். கீழ்பென்னாத்தூருக்கு வெளியே என் நிலத்தில் வந்து இறங்கியதும் அளவு நாடாவை எடுத்தான்.

வரப்பில் அறுபது மலைவேம்பு. நான்கு வருடங்களுக்கு முன் என் மனைவி ஆர்த்தி நட்டவை. வேளாண்மை அலுவலகத்தில் கன்றுகளை இலவசமாகக் கொடுத்தார்கள். வருடத்துக்கு இரண்டு முறை பக்கக் கிளைகளை அறுப்பாள். "மரம் நேரா மேல போவும். கீழ நிழலும் கம்மி" என்பாள்.

இரண்டு வருடங்களுக்கு முன் அவளுக்குக் காய்ச்சல் என்று மருத்துவமனைக்குப் போனோம். நான் மட்டும் திரும்பினேன். அதன் பிறகு மரங்களை நான் தொடவில்லை. அவள் வைத்தது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வரப்புக்கு அந்தப் பக்கம் ஆர்த்தியின் அம்மா ஜோதியம்மாளின் நிலம். போன வாரம் அத்தை மல்லாட்டை பிடுங்கியபோது நானும் போனேன். வரப்போரம் ஆறு சால், ஆறு வரிசையும் வெறும் இலை. ஒரு செடிக்கு மூன்று கடலை, நான்கு கடலை. அத்தை அந்தச் செடிகளைக் குவியலின் அடியில் செருகிவிட்டு, மேலே நல்ல செடிகளைப் போட்டார். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். அன்று மாலையே மக்பூலுக்குப் போன் செய்தேன்.

மக்பூல் ஒரு மரத்தைத் தட்டிப் பார்த்து அண்ணாந்தான்.

"டேய் எழில், கீழ பன்னெண்டு அடி கண்ணாடி மாதிரி இருக்கு. அதுக்கு மேல இன்னாடா இது, எங்க சித்தப்பா தலை மாதிரி?"

"ரெண்டு வருஷமா கிளை அறுக்கல."

"அதான் தெரியுதே. ஒரே முடிச்சு. இப்ப வெட்டினா விறகுதான். பிளைவுட்டுக்கு எவனும் எடுக்க மாட்டான்."

"விறகுக்கே எடுத்துக்கோ. அத்தை நிலத்துல நிழல் விழுது."

அவன் நாடாவைச் சுருட்டினான். அதற்குள் அத்தை சாப்பாட்டுத் தூக்கோடு வந்துவிட்டார். பின்னால் அவருடைய மூன்று ஆடுகள்.

"இன்னா பாய், நாடாவும் கையுமா? எங்க மாப்ளைக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

"மரத்துக்கும்மா. மொத்தமா வெட்டிக்கினு போகச் சொல்றாரு."

அத்தை தூக்கைக் கீழே வைத்தார்.

"இன்னாத்துக்கு மாப்ள?"

"உங்க மல்லாட்டைய பாத்தேன் அத்தை."

"ஆறு சாலு. மீதி முப்பது சாலு எப்பிடி வெளஞ்சுது, அதப் பாக்கலியா? போன வருஷம் தீபத்துக்கு முன்ன பேஞ்ச மழைல பக்கத்துக் கொல்லை ராமகிருஷ்ணன் வரப்பு கரைஞ்சி மண்ணெல்லாம் ஏரிக்குப் போச்சு. நம்ம வரப்பு போச்சா? வேரு புடிச்சினு இருந்துச்சு. அவன் கொல்லையில கம்பளிப்புழு மேஞ்சுது. இங்க கரிச்சான் குருவி மரத்துல உக்காந்து ஒண்ணு உடாம பொறுக்கித் தின்னுச்சு. மரத்த வெட்டிட்டா அது எங்க உக்காரும், உங்க தலைலியா?"

மக்பூல் சத்தமாகச் சிரித்தான்.

"கிளைய அறுத்தா போதும். மரம் இன்னா பண்ணுச்சு?" என்றார் அத்தை.

"ரெண்டு வருஷமா ஏன் சொல்லல அத்தை?"

அவர் ஆட்டை விரட்டுவது போலத் திரும்பிக்கொண்டார்.

"நீங்க மரத்துகிட்ட வந்து நிப்பீங்க. சும்மா போயிடுவீங்க. ஆறு சாலுதானே, போவட்டும்னு உட்டுட்டேன்."

நான் மேலே கிளைகளைப் பார்த்தேன்.

"ஏணி இருக்கு" என்றேன். "ரம்பம் எங்கன்னு தெரியல."

"எனக்குத் தெரியும்."

அத்தை தன் வீட்டுக்குப் போய் ரம்பத்தோடு திரும்பினார். ஆர்த்தியின் பச்சைத் துப்பட்டாவில் சுற்றியிருந்தது. பிரித்தேன். துரு இல்லை. பற்கள் கூராக இருந்தன. விரலில் எண்ணெய் ஒட்டியது.

"மாசத்துக்கு ஒரு தரம் எண்ணெ போடுவேன்" என்றார். "என்னிக்காவது கேப்பீங்கன்னு."

மக்பூல் ஏணியைப் பிடித்துக்கொண்டான். "உழுந்துடாதடா. உன்ன விறகுக்குக்கூட எடுக்க மாட்டேன்."

முதலில் கிளையின் அடியில் லேசாக அறுத்தேன். பிறகு மேலிருந்து. பட்டை கிழியாமல் இருக்க ஆர்த்தி அப்படித்தான் செய்வாள். கிளை விழுந்தது. ஆடுகள் ஓடி வந்தன.

"இப்ப அறுத்துட்டா முடிச்ச மரமே மூடிக்கும்" என்று மக்பூல் கீழிருந்து கத்தினான். "நாலு வருஷம் கழிச்சிக் கூப்புடு, வரேன்."

ஒன்பது மரம் முடிவதற்குள் மதியம் ஆகிவிட்டது. அந்த ஒன்பது மரத்துக்கு நேராக ஆறு சாலிலும் வெயில் இறங்கியிருந்தது. அத்தை அதன் நடுவில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார்.

"அப்பா, இன்னா வெயிலு! மண்டை காயுது. வாங்க, ரெண்டு பேரும் சாப்புட."

பத்தாவது மரத்தின் நிழலில் உட்கார்ந்து தூக்கைத் திறந்தார். நான் ரம்பத்தோடு அங்கே போனேன்.

"இந்த மரத்த மட்டும் சாப்ட்டப்பறம் அறுங்க" என்றார்.