அண்டாவில் ஒரு கோடு பாக்கி

கடையைத் திறந்ததுதான் சம்பந்தம் செய்த தப்பு. மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு பாத்திரக் கடை ஒரு நாள் காலையில் மூடிக் கிடந்தால் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. ஆனால் திறந்த கடையைப் போனி ஆகாமல் மூடுவது வேறு சமாசாரம். அன்றைய முதல் வியாபாரம் நடந்து, முதல் காசைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போடுகிற வரைக்கும் ஷட்டரில் கை வைக்கக் கூடாது. வைத்தால் என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியாது, கடையை ஆரம்பித்த அவன் அப்பாவுக்கும் தெரியாது. வைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள அந்தக் குடும்பத்தில் இதுவரை ஆள் பிறக்கவில்லை.

ராத்திரியே அவன் மனைவி சாமுண்டீஸ்வரி சொன்னாள். "நாளைக்குக் கடையைத் திறக்காதீங்க. சுபத்ராவுக்கு யுகேஜி முடியுது. ஸ்டேஜ்ல அப்பாவோ அம்மாவோ வந்து தலையில தொப்பி வைக்கணுமாம். அப்பாதான் வைப்பாருன்னு உங்க பொண்ணு மிஸ்கிட்ட சொல்லிட்டு வந்திருக்கா."

"பத்தரைக்குத்தானே? எட்டுக்குத் திறந்து, போனி பண்ணிட்டு, ஒம்பதரைக்குக் கிளம்பிடுவேன்."

"பெரியவன் பிரணவ் யுகேஜி முடிச்சப்பவும் இதையேதான் சொன்னீங்க. விழா முடிஞ்சு சமோசா கொடுக்கிறப்ப வந்தீங்க."

அவன் பாயை விரித்துப் படுத்துவிட்டான். முகூர்த்த மாதம். நின்று நின்று கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. போதாக்குறைக்குப் பள்ளிக்கூட வருஷத்தின் கடைசி மாதம். ஒரு வாரம் தெர்மாகோலில் எரிமலை செய்யச் சொன்னார்கள். அடுத்த வாரம் சுபத்ராவைக் கேரட் மாதிரி உடுத்தி அனுப்பச் சொன்னார்கள். கேரட்டுக்கு இலை வேண்டுமாம். அந்தப் பச்சைக் காகிதத்தைத் தேடி அவன் ஊரப்பாக்கம் முழுக்கச் சுற்றினான். படிப்பது குழந்தைகள், பாஸ் ஆகிறவர்களும் குழந்தைகள், நடுவில் நாக்குத் தள்ளுகிறது மட்டும் அவனுக்கு.

எட்டு மணிக்குத் திறந்தான். கடையில் இருக்கும் ஒரே ஆளான சின்னப்பன், கேளம்பாக்கத்தில் மச்சினன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார்கள் என்று லீவு. ஒன்பது ஆயிற்று. ஈ காக்கை வரவில்லை. ஒரு பாட்டில் மூடி வாங்கக்கூட நாதி இல்லை. மற்ற நாளில் ஏழரைக்கே வந்து ஷட்டரைத் தட்டுகிற ஜனங்கள், இவன் அவசரம் தெரிந்து பேசி வைத்துக்கொண்டது மாதிரி எங்கேயோ போய்விட்டார்கள்.

பக்கத்துப் பிளாஸ்டிக் கடை மோகன்ராஜிடம் போனான்.

"அண்ணா, ஒரு கரண்டி வாங்கிக்கங்க. சாயங்காலம் திருப்பி எடுத்துக்கிறேன்."

மோகன்ராஜ் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எனக்கே இன்னும் போனி ஆகல. நான் கல்லாவுல இருந்து காசை வெளிய எடுத்தா என் கடை விளங்குமா? நீ வேணா ஒரு பக்கெட் வாங்கிக்க."

"எனக்கும் ஆகலையே."

"அப்ப ரெண்டு பேரும் உக்காந்து பேப்பர் படிப்போம். வா."

ஒன்பதரை தாண்டியபோது வாசலில் ஒரு குட்டி யானை சரக்கு வண்டி வந்து நின்றது. அதிலிருந்து சரசு இறங்கினாள். கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறவள். வருஷத்துக்கு இரண்டு முறை வந்து, விலையைக் கேட்டு, இவன் உயிரை எடுத்துவிட்டு, ஏதாவது வாங்கிக்கொண்டு போவாள். சம்பந்தத்துக்கு அவளைப் பார்த்ததும் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அந்தப் பால் திரிவதற்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"அண்ணா, அந்த அண்டா எவ்ளோ?"

அவள் கை காட்டியது வாசல் மேடையில் நின்ற பெரிய எவர்சில்வர் அண்டாவை.

அது விற்கிற அண்டா இல்லை. விற்க வந்ததுதான், பிறகு மாறிப் போயிற்று. பிரணவ் எல்கேஜி முடித்த அன்று கடைக்கு வந்து மேடைக்குக் கீழே அண்டாவை ஒட்டி நின்றான். பேர் வெட்டுகிற மெஷின் சம்பந்தத்தின் கையில் இருந்தது. விளையாட்டாக, பையனின் தலை உயரத்துக்கு அண்டாவில் ஒரு கோடு இழுத்து, 'பிரணவ் எல்கேஜி' என்று வெட்டினான். அதிலிருந்து வருஷா வருஷம் வழக்கமாகிவிட்டது. பள்ளிக்கூடம் முடிகிற நாளில் பிள்ளைகள் கடைக்கு வர வேண்டும், முதுகை அண்டாவில் ஒட்டி நிற்க வேண்டும், எக்கக் கூடாது. பிரணவுக்கு நாலு கோடு. போன வருஷம் சுபத்ராவுக்கு முதல் கோடு, அண்டாவின் அடிவயிற்றில். இன்றைக்கு யுகேஜி கோடு போட வேண்டும். தொப்பியோடு சேர்த்து அளக்கச் சொல்லிக் காலையிலேயே பேரம் பேசிவிட்டுத்தான் அவனை அனுப்பியிருந்தாள்.

"வேற காட்டட்டுமா?" என்றான்.

"இன்னா வேற? இந்த சைஸ்ல வேற எங்க கீது?"

இல்லைதான். மற்றதெல்லாம் போன வாரக் கல்யாணங்களுக்குப் போய்விட்டது. அடுத்த லோடு திங்கட்கிழமை.

'இது விற்பதற்கு இல்லை' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் போனிக்கு வந்தவளிடம் 'இல்லை' என்ற வார்த்தையை எப்படிச் சொல்வது? அதற்கு வியாபாரிகள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கொடுக்க மனசில்லாத பொருளுக்கு ஆள் ஓடிப் போகிற விலை சொல்வது. சம்பந்தம் எவர்சில்வருக்கும் வெள்ளிக்கும் நடுவில் ஒரு விலையைச் சொன்னான்.

சரசு ஓடவில்லை. சிரித்தாள். "காலங்காத்தால நல்லா தமாஷ் பண்றண்ணா. பாதி வச்சிக்க."

"கட்டுபடி ஆகாதும்மா."

"பழைய அண்டா ராத்திரி ஓட்டையாப் பூட்சி. நாளைக்குத் திருநீர்மலையில கல்யாணம். இல்லாட்டி உன் வாசப்படி மிதிப்பனா?" அண்டாவைச் சுற்றி வந்தவள், குனிந்தாள். "இன்னாது இது? பேரு வெட்டிகீது? யார் வூட்டு பாத்திரத்தை என் தலையில கட்டப் பாக்குற?"

"புதுசுதான். அடுப்பே பார்த்ததில்ல. பிள்ளைங்க உயரம் அளந்து கோடு போட்டிருக்கேன். அதான் அது வேணாம்னு..."

"பேரு வெட்டினது வேற எவனும் வாங்க மாட்டான். அப்ப பாதியிலயும் பாதி."

அப்போது செல்போன் அடித்தது. சாமுண்டீஸ்வரி.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

"கிளம்பிட்டேன்."

"செருப்பைப் போட்டுட்டுக் கிளம்பிட்டீங்களா, இல்ல மனசாலயே கிளம்பிட்டீங்களா?"

"வந்துட்டே இருக்கேன்."

"எல்லாரையும் லைன்ல நிக்க வச்சிட்டாங்க. பேர் வரிசை இல்லையாம், உயர வரிசையாம். குட்டையான குழந்தைங்க முதல்ல. சீக்கிரம் வாங்க." பின்னால் ஒரே இரைச்சல். போன் கட் ஆயிற்று.

குட்டையான குழந்தைகள் முதலில். போன வருஷ ஆண்டு விழாவில் எல்கேஜி வரிசையில் முதல் ஆளாக வந்தவள் சுபத்ராதான். அவ்வளவு பொடிசு. மேடையில் மைக் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவளைக் கண்டுபிடிக்கவே நேரம் ஆயிற்று. இன்றைக்கும் முதல் தொப்பி அவளுக்குத்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மிஸ் 'அப்பா எங்கே' என்று கேட்பார்.

சரசு படி இறங்கிக்கொண்டிருந்தாள். "கட்டுபடி ஆவலைன்னா வுடு. பல்லாவரத்துல பாத்துக்கிறேன். பென்னி, வண்டிய எடு."

"வாம்மா, போனி நேரத்துல இப்படித் திரும்பிப் போனா எப்படி?"

வாயிலிருந்து விழுந்துவிட்டது. அப்பா இருந்திருந்தால் தலையில் ஒரு குட்டு வைத்திருப்பார். போனி ஆகவில்லை என்பதை மனைவியிடம் சொல்லலாம், கடவுளிடம் சொல்லலாம், எதிரில் நிற்கிற கிராக்கியிடம் சொல்லக் கூடாது.

சரசு சாவதானமாகத் திரும்பி வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தே விட்டாள். "இன்னும் போனி ஆவலையா? அடடா. அப்ப நான் பாத்து இன்னா குடுக்கிறனோ அத்த வாங்கிக்க. என் கை ராசியான கை."

சம்பந்தம் அண்டாவைப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான். பெருங்களத்தூர் சிக்னலையும், வண்டலூரில் பஸ்கள் குறுக்கே நிற்கிற அழகையும் மனசுக்குள் ஒரு தரம் பார்த்தான்.

"கோடு எல்லாம் இருக்கே, உனக்குப் பரவாயில்லையா?" என்று கடைசியாக ஒரு முயற்சி செய்தான்.

"கோடு நல்லதுதாண்ணா. தண்ணி எவ்ளோ ஊத்தறதுன்னு என் ஆளுங்களுக்கு தினிக்கும் சண்டை. இனிமே பொண்ணு பேரு வரிக்கும் தண்ணி, அந்தப் பையன் பேரு வரிக்கும் அரிசி போட்டு பொங்கட்டும்னு சொல்லிடுவேன்."

அவள் நீட்டியதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டான். அந்த அண்டா வந்த விலைக்குக்கூடக் காணாது. டிரைவர் பென்னியும் அவனும் ஆளுக்கொரு காதைப் பிடித்து அண்டாவை வண்டியில் ஏற்றினார்கள். வெயில் பட்டபோது கோடுகள் ஒரு தரம் மின்னின. குட்டி யானை திருப்பத்தில் மறைகிற வரைக்கும் நிற்க நேரமில்லை, ஷட்டரை இறக்கினான்.

"ஆச்சா?" என்றான் மோகன்ராஜ், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

"ஆச்சு."

"அப்ப என்கிட்ட ஒரு பக்கெட்..."

ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது.

ஊரப்பாக்கத்தில் பள்ளிக்கூடத்து ஷாமியானாவுக்குள் அவன் நுழைந்தபோது சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. மேடையில் தொப்பி வைத்த குழந்தைகள் ஒரு பக்கமாக நின்றிருந்தார்கள். ஜான்சி மிஸ் மைக்கில் யாரோ ஒரு பேரைச் சொன்னார். சுபத்ரா பேர் இல்லை. முன்வரிசையில் பிரணவோடு உட்கார்ந்திருந்த சாமுண்டீஸ்வரியின் பக்கத்தில் போய் விழுந்தான்.

"முடிஞ்சிடுச்சா?"

"என்ன முடிஞ்சிடுச்சா?"

"சுபா. முதல் ஆளா கூப்பிட்டிருப்பாங்களே."

சாமுண்டீஸ்வரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அதோ நிக்கிறா பாருங்க. கடைசிக்கு முன்னாடி ஆளு."

வரிசையின் கோடியில், கறுப்பு கவுனில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். பக்கத்தில் நின்ற பையனுக்குக் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். குனிந்து. சம்பந்தம் இரண்டு தரம் பார்த்த பிறகுதான் அது தன் பெண் என்று தெரிந்தது.

"உயர வரிசைன்னியே."

"உயர வரிசைதான். தீபாவளி கவுன் பொங்கலுக்குப் பத்தல. ஷூ ரெண்டு தரம் மாத்தினோம். போன வாரம்கூட இந்தக் கறுப்பு கவுனுக்குப் பெரிய சைஸ் கேட்டு வாங்கினேன். நீங்க எங்க இருந்தீங்க?"

"கடையில."

முன்னால் இன்னும் பாதி வரிசை பாக்கி இருந்தது. ஒவ்வொரு குழந்தையும் பெரிதாகி என்ன ஆகப் போகிறது என்று மைக்கில் சொல்லி, அப்பா அம்மா தொப்பி வைத்து, போட்டோ எடுத்து, கை தட்டி, சாவகாசமாக நடந்தது. சரசுவோடு இன்னொரு அரை மணி மல்லுக்கு நின்றிருக்கலாம். அவள் பல்லாவரம் போயிருந்தால்கூட, வேறு யாராவது ஒரு கரண்டி வாங்க வந்திருப்பார்கள். கணக்குப் போட்டுக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தவன் தூங்கிப் போனான். சாமுண்டீஸ்வரி முழங்கையால் இடித்தபோது மைக்கில் அவன் பெண்ணின் பேர் கேட்டது.

மேடை ஏறினான். கணுக்கால் வலித்தது. அட்டைத் தொப்பியை வாங்கி அவள் தலையில் வைத்தான். குனிய வேண்டியிருக்கும் என்று நினைத்துக் குனிந்தது கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது, நிமிர்ந்துதான் வைத்தான்.

"கோணலா இருக்குப்பா," என்றாள் உதட்டை அசைக்காமல். போட்டோக்காரருக்குச் சிரித்துக்கொண்டே, "போனி ஆயிடுச்சா?" என்றும் கேட்டாள்.

"ஆயிடுச்சு."

சமோசா சாப்பிட்டு முடித்ததும் சாமுண்டீஸ்வரி வேலைக்கு பஸ் ஏறினாள். பிரணவ் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தான். சுபத்ரா வழக்கம்போல முன்னால் ஏறி நின்றாள். கவுனைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், தொப்பி அவளுக்கே. கடைக்குப் போய்க் கோடு போட வேண்டும். அதுதானே வழக்கம்.

வண்டலூர் தாண்டும்போது சொன்னான். "அண்டாவை வித்துட்டேன்மா."

பின்னாலிருந்து பிரணவ், "என் கோடு எல்லாமுமா?" என்றான்.

"எல்லாமும்."

"அவங்க குறைச்சுக் கேட்டாங்களா?" என்றாள் சுபத்ரா.

"கேட்டாங்க."

"நீ குறைச்சியா?"

"குறைச்சேன்."

"நிறையவா?"

சம்பந்தம் ஹாரன் அடித்தான். முன்னால் லாரி எதுவும் இல்லை. அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. பாத்திரக் கடைக்காரன் பெண்ணுக்கு அந்த ஹாரனே போதும்.

"அப்ப என்னை எதுல அளப்ப?"

அவன் பதில் சொல்ல வாயெடுத்தபோது தொப்பியின் முனை தாடையில் குத்தியது. முகத்தை இடது பக்கம் திருப்பிக்கொண்டு ஓட்டினான். பிறகு வலது பக்கம். எந்தப் பக்கம் திருப்பினாலும் பாதி ரோடுதான் தெரிந்தது.

"தலையைக் குனிஞ்சுக்கோ சுபா."

"குனிஞ்சுட்டுத்தான்பா நிக்கிறேன். வண்டியில ஏறினதுல இருந்தே கழுத்து வலிக்குது."

தொப்பியைக் கழற்றச் சொன்னான். கழற்றினாள். தொப்பி இல்லாமலும் தெரியவில்லை. பெருங்களத்தூருக்கு முன்னால் ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினான். சுபத்ரா தானாகவே இறங்கினாள், பின்னால் போய்ப் பிரணவைத் தள்ளி உட்காரச் சொன்னாள். இரண்டு பேருக்கும் எல்லைத் தகராறு நடந்து முடிகிற வரைக்கும் அவன் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றான்.

"போலாம்ப்பா," என்றாள் பின்னாலிருந்து.

கிளம்பினான். முன்னால் மறைக்க யாரும் இல்லை. தாம்பரம் வரைக்கும் ரோடு முழுசாகத் தெரிந்தது.