இருபத்தைந்து மடங்கு

சோத்துப் பானையிலிருந்து டிவி வரை எங்கட ஆக்களுக்கு எல்லாம் பெரிசாய் இருக்கோணும். 2006இல் ஒஸ்லோக் கடையொன்றில் என்ர மனுசன் சயூரனும் வேட்டைத் துவக்குக்கு இருபத்தைந்து மடங்கு வரை பெருப்பிக்கிற ஸ்கோப்தான் வேணுமெண்டு வாங்கினார். வேட்டைப் பரீட்சை நானும் பாஸ் பண்ணினனான். என்னை ஆர் கேட்டது?

மலையில் தூரத்தே கலைமான்கள் நின்றன. இவர் ஸ்கோப்புக்குள் தேடித் தேடி வியர்த்துப் போனார்.

"வெறும் ரோமம்தான் ஆடுது."

"இஞ்சை தாங்கோ!"

துவக்கைப் பறித்து, ஸ்கோப் வளையத்தை இருபத்தைந்திலிருந்து ஆறு மடங்குக்குத் திருப்பினேன். முழுக்கூட்டமும் தெரிந்தது. பெரிய ஆண்மானுக்குப் பின்னால் ஒரு கன்று ஒட்டி நின்றது. குண்டு ஊடுருவினால் அதிலும் படும்.

"கன்று விலகட்டும்" என்று துவக்கை நீட்டினேன்.

இவர் வாங்கவில்லை.

"நீரே வைச்சிரும். விலகினதும் சுடும்."