மூன்றாவது புகார்

எங்கள் ஆபீசில் ஹெட்போனை மாட்டிவிட்டால் நான் நானில்லை. "வணக்கம், உங்கள் புகாரைச் சொல்லுங்கள்" என்று தொடங்கினால் சாயங்காலம் வரை அந்தத் தேன் தடவிய குரல்தான். வீடு தேடிச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற ஆப் எங்களுடையது. ஆறிவிட்டது, சிந்திவிட்டது, வரவே இல்லை என்று ஊரே கூப்பிட்டுத் திட்டும். திட்டுவது அவர்கள் உரிமை, வாங்கிக் கட்டிக்கொள்வது என் வேலை. சம்பளமே அதற்குத்தான்.

இதில் இன்னொரு கூத்து என்னவென்றால், அதே ஆப்பில் எனக்கும் ஒரு கடை இருக்கிறது. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். எங்கள் வீட்டு அடுப்படிதான் கடை, சூப்பும் ரொட்டியும்தான் சரக்கு. விடியுமுன் எழுந்து காய் நறுக்கி, பானையை ஏற்றி இறக்கிவிட்டு நான் ஆபீஸ் வேனுக்கு ஓடுவேன். மீதியை என் நாத்தனார் பார்த்துக்கொள்வாள். ஆபீசில் இருப்பவர்கள் ஆப்பில் கடை வைக்கக் கூடாது என்று ஒரு சட்டம், அதனால் கடை அவள் பேரில். பேர் அவளுடையது, பானை என்னுடையது, போன தூக்கம் யாருடையது என்று யோசித்தால் தலை சுற்றும். ஆனாலும் கடை மட்டும் பிடித்துக்கொண்டால் இந்தத் திட்டு வாங்குகிற பிழைப்பை ஒரு நாள் விட்டுவிடலாம். அந்த ஆசையில்தான் கண்ணில் நீர் வழிய வழிய வெங்காயம் உரிக்கிறேன்.

ஒரே ஒரு பயம். ஒரு கடை மேல் மூன்று புகார் விழுந்தால் ஆப் அந்தக் கடையைத் தூக்கிவிடும். எங்கள் மேல் ஏற்கெனவே இரண்டு. முதலாவது, சூப்பில் உப்பில்லை என்று. அது நியாயம், தூக்கக் கலக்கத்தில் போட மறந்துவிட்டேன். இரண்டாவது, சூப் பையெல்லாம் கொட்டிக் கிடந்ததற்கு. கொட்டியவர் வண்டிக்காரர், பழி எங்கள் தலையில். என்னைப் போலவே இந்த ஹாலில் எங்கேயோ உட்கார்ந்திருந்த ஒரு புண்ணியவதி, பார்க்காமல்கூடத் தவறு கடையுடையது என்று அழுத்தியிருப்பாள்.

அன்று காலை நான் உட்கார்ந்து நாற்காலி சூடாகவில்லை, முதல் கால் வந்துவிட்டது.

"ஏம்மா, உங்களுக்கெல்லாம் மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

"மன்னிக்கணும் சார். என்ன நடந்ததுன்னு சொல்லுங்க."

"நேத்து நாலு பல்லப் பிடுங்கிட்டாங்க. அதுலேர்ந்து பச்சைத் தண்ணிதான். விடிஞ்சதும் விடியாததுமா சூப்பு கேட்டேன். என்ன வந்திருக்கு தெரியுமா? சோறு! கட்டிகட்டியா சோறு. பல்லில்லாதவன் இத என்ன பண்றது? தலையில கொட்டிக்கிறதா?"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் திரையில் கடையின் பேர் வந்தது. எங்கள் கடை. சிரிப்பு வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிற ஹாலில் இது என் தலையிலா வந்து விடிய வேண்டும்? அதுவும் சோறு! நாங்கள் சோறே விற்பதில்லையே. ஒருவேளை வேறு கடையாக இருக்குமோ, திரைக்குத்தான் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

"சோறுதானா சார்? நல்லாப் பாத்தீங்களா?"

"பல்லுதாம்மா போச்சு, கண்ணு இருக்கு. சோறு, ஒரு அவிச்ச முட்டை, பாதி ரொட்டி. அதுவும் ஓரமெல்லாம் காஞ்சது."

அந்தப் பாதி ரொட்டியைச் சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது. காலையில் அதைப் பிய்த்து வைத்தது நான்தான். என் டப்பாவின் மூடி உடைந்து போனதால் நேற்று மிஞ்சிய சோற்றைக் கடை டப்பாவிலேயே போட்டு, கடைப் பையிலேயே வைத்திருந்தேன். வாசலில் வேன் ஹாரன் அடித்தது, வண்டிக்காரர் "அக்கா, பை ரெடியா?" என்று நின்றார், மேசைமேல் ஒரே மாதிரி இரண்டு பை. நாத்தனார் எதில் பில்லை ஒட்டினாளோ, நான் எதைத் தூக்கினேனோ, அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பது சரியாகத்தான் இருக்கிறது. மெதுவாகக் குனிந்து காலடியில் இருந்த பையைத் தொட்டேன். கொதிக்கக் கொதிக்கச் சுட்டது.

"என்னம்மா, இருக்கியா?"

"இருக்கேன் சார்."

அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஒண்ணு கேக்கறேன். இது விக்கிற சாப்பாடு மாதிரியே இல்லையே. யாரோ தனக்குன்னு கட்டி வச்ச மாதிரி இருக்கு. போன வாரம் இந்தக் கடை சூப்பு வாங்கினேன், அமிர்தம்! அப்படி சூப்பு வைக்கிறவங்க இதையா சாப்பிடறாங்க?"

எங்களிடம் எந்தக் கேள்விக்கும் பதில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இதற்கு இல்லை. ஆமாம் சார், இதைத்தான் சாப்பிடுகிறேன், விற்கிற பானையில் எனக்கென்று ஒரு கரண்டி எடுக்க மனசு வராது என்று சொல்ல முடியுமா? "அந்த விவரம் எங்களுக்குத் தெரியாது சார்" என்றேன். கண் கரித்தது. வெங்காயம்கூட இல்லாமல்.

"உங்க பணம் திரும்ப வந்துடும் சார்."

"பணம் யாருக்கு வேணும்? எனக்குப் பசிக்குதும்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

திரையில் வழக்கமான கேள்வி வந்து நின்றது. தவறு யாருடையது? கடை, வண்டிக்காரர், வாடிக்கையாளர். மூன்றில் ஒன்றை அழுத்தினால்தான் அடுத்த கால் வரும். நான் விரலைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தேன். சூப்பர்வைசர் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"என்ன இவ்வளவு நேரம்? பை மாறிப்போச்சா? வண்டிக்காரர் மேல போட்டுட்டு அடுத்ததை எடுங்க."

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். வண்டிக்காரர் மேல் போட்டால் எங்கள் கடை பிழைத்துவிடும். அந்த மனிதருக்கு இன்றைய கூலி போய்விடும், அவ்வளவுதான். போன தடவை அவர்கள் செய்ததற்கு நாங்கள் பழி சுமக்கவில்லையா? ஆனால் போன தடவை கொட்டியவர் வேறு யாரோ, இவர் பில் இருந்த பையை எடுத்துக்கொண்டு போனவர். தப்பு என்னுடையது. எந்த நான்? அடுப்படியில் நின்ற நானா, இங்கே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிற நானா? திருடனையே நாட்டாமை ஆக்கினால் இப்படித்தான். விரல் வண்டிக்காரர் பக்கம் போயிற்று, திரும்பி வந்தது, மறுபடி போயிற்று. நம் அடுப்பு எரிய இன்னொருவர் வயிற்றில் அடிப்பதா என்று ஒரு பக்கம். நீ பெரிய தர்மதேவதை என்று இன்னொரு பக்கம்.

துணிச்சலாக முடிவெடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். நிஜத்தில் ஒன்றும் புரியாமலே கடை என்பதை அழுத்திவிட்டேன்.

உடனே அடுத்த கட்டளை வந்தது. கடை நீக்கப்பட்டது, கடைக்காரருக்குத் தெரிவிக்கவும். தெரிவிக்கலாமா வேண்டாமா என்றுகூடக் கேட்கவில்லை, அதுவே நம்பரைப் போட்டுவிட்டது. மணி அடித்தது. எங்கள் வீட்டில்.

"அலோ?" என்றாள் நாத்தனார்.

நான் திரையைப் பார்த்துப் படித்தேன். "வணக்கம். உங்கள் கடையின் மேல் மூன்று புகார்கள் பதிவாகியுள்ளன. இன்று முதல் உங்கள் கடை ஆப்பிலிருந்து நீக்கப்படுகிறது."

அந்தப் பக்கம் கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணி?"

"உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

"அண்ணி, விளையாடாதீங்க. உங்க குரல் எனக்குத் தெரியாதா?" அவள் குரல் உடைந்தது. "காலையில அவசரத்துல நான்தான் பில்ல மாத்தி ஒட்டிட்டேனா? ஐயோ, மத்தியானத்துக்குத் தண்ணி கொதிக்குது அண்ணி. காயெல்லாம் நறுக்கி வச்சிருக்கேன். போடவா, அடுப்ப அணைச்சிடவா? ஏதாவது சொல்லுங்களேன்!"

திரையில் அடுத்த வரி இருந்தது. வேறு ஏதாவது உதவி தேவையா? வாயைத் திறந்தேன். அந்தக் குரல் வரவில்லை.

பின்னாலிருந்து சூப்பர்வைசர் கேட்டார். "அவங்க ஏன் உங்கள அண்ணிங்கறாங்க?"

"என் நாத்தனார் சார். கடை என்னோடது" என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, காலடியிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"அழாத. காயப் போடு" என்றேன் நாத்தனாரிடம். "காலையில ஆர்டர் போட்ட மனுஷன் சூப்பு என்கிட்டதான் இருக்கு. அவர் கையில குடுத்துட்டு வீட்டுக்கு வரேன்."

"ஆர்டரே இல்லையே அண்ணி. பானை நிறைய யாருக்குப் போடறது?"

"நமக்குத்தான். நீயும் இன்னும் சாப்பிடல இல்ல?"